சிக்நாகிக்கு ஒரு சாட்சி

முவைலா, ஷார்ஜா
09.02.2024

வீரபாண்டிக்கு அக்கா எழுதுவது.

நீ நலமாக இருக்கிறாய் என்று கௌஸ் பாய் சொன்னார். அவர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. என் நம்பரை நீ பிளாக் பண்ணி நாலு மாதம் ஆகிறது. வேறு வழியில்லாமல் பேனாவை எடுத்திருக்கிறேன். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பிறகு இவ்வளவு எழுதுவது இப்போதுதான். பிழை கண்டுபிடித்துச் சிரிக்காதே.

கராமாவில் மசாலாக் கடை வைத்திருக்கிற கீழக்கரை கௌஸ் முகம்மது பாயை உனக்கே தெரியும். மாதம் இரண்டு முறை சரக்கோடு சவூதிக்கு, தமாம் வருகிறார், அப்படியே ஜுபைலுக்கும் வருகிறார். அவர் கையில்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதில் வாங்காமல் திரும்பக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். ஒரு டீ வாங்கிக் கொடு.

அக்டோபரில் நான் போனில் சொன்னதை இன்னொரு முறை பொறுமையாகச் சொல்கிறேன். அன்று நீ முழுதாகக் கேட்கவில்லை. "இந்த வயசுல உனக்கு எதுக்குக்கா இது? ஊருக்குள்ள நான் தலைகாட்ட வேணாமா?" என்று கத்திவிட்டு வைத்துவிட்டாய். எனக்கு வயது நாற்பத்தைந்து. ராக்கப்பன் மாமா போய்ப் பதினோரு வருடம். இந்தப் பள்ளிக்கூட பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலைக்கு வந்து ஆறு வருடம். ஆறு வருடமும் அந்த பஸ்ஸை ஓட்டுகிறவர் தவராசா. மட்டக்களப்புக்காரர். அவர் மனைவியும் நோயில் போய்ச் சேர்ந்து எட்டு வருடம் ஆகிறது. அதிர்ந்து பேச மாட்டார். ஹாரன்கூட அளவாகத்தான் அடிப்பார்.

பிள்ளைகள் எல்லோரும் இறங்கிய பிறகு நான் கடைசி சீட் வரை நடந்து போய்ப் பார்க்க வேண்டும். யாராவது தூங்கிப் போயிருந்தால்? அது எங்கள் வேலையில் சட்டம். போன செப்டம்பரில் ஒரு நாள் அப்படிப் பார்த்துவிட்டு வந்தேன். "வண்டிக்குள்ள இன்னும் ஒராள் மிச்சம் இருக்கு" என்றார். பதறிப் போய் "யாரு?" என்றேன். "நான்தான்" என்றார். அவ்வளவுதான் நடந்தது. இதற்குத்தான் நீ ஊரை இழுத்தாய்.

அவர் இலங்கை, நான் இந்தியா. இங்கே பதிவு செய்ய இரண்டு தூதரகத்துக்கும் அலைய வேண்டும். எங்கள் பஸ்ஸில் வருகிற ஷ்ருதி டீச்சர்தான் வழி சொன்னார். ஜார்ஜியாவில் சிக்நாகி என்று மலைமேல் ஒரு சின்ன ஊர். வளைகுடாவில் வேலை செய்கிறவர்களுக்குத் தனி விசா வேண்டாம். அங்கே ஒரு கல்யாண வீடு இருக்கிறதாம், ராத்திரி பகல் எந்நேரமும் திறந்திருக்குமாம். பாஸ்போர்ட்டும் இரண்டு சாட்சியும் இருந்தால் பதிவு செய்து தாளைக் கையில் கொடுத்துவிடுவார்களாம். நான் ஏற்கெனவே கல்யாணமானவள் என்பதால் மாமாவின் இறப்புச் சான்றிதழும் வேண்டும். அவர் மனைவியுடையது அவரிடம் இருக்கிறது. முன்பு எனக்கு சவூதியில் வேலை தேடித் தருகிறேன் என்று மாமாவுடையதை வாங்கிப் போனாயே, அது உன் பெட்டியில்தான் இருக்கிறது.

ஒரு சாட்சி ஷ்ருதி டீச்சர். இன்னொரு சாட்சி நீ. வேறு யாரையும் நான் கேட்கப் போவதில்லை. நீ வராவிட்டால் இந்தக் கல்யாணம் இல்லை. மிரட்டல் என்று நினைத்தால் மிரட்டல் என்றே வைத்துக்கொள்.

டீச்சர் கொடுத்த சுற்றுலாத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். அந்த ஊரைச் சுற்றிப் பழைய கோட்டைச் சுவர், நாலரை கிலோமீட்டர், இருபத்து மூன்று கோபுரம். உனக்குப் பிடிக்கும்.

சரோஜா


ஜுபைல்
13.02.2024

அக்காவுக்கு,

நான் வரவில்லை. இதைச் சொல்ல ஒரு வரி போதும். ஆனால் கௌஸ் பாய் எதிரே உட்கார்ந்துகொண்டு, "ஒரு பக்கமாவது எழுதுங்க தம்பி. ஒத்த வரியக் கொண்டு போனா உங்க அக்கா என்னைக் கடையில இருக்க விடாது" என்கிறார். இரண்டாவது டீயும் சொல்லியாகிவிட்டது. ஆகவே எழுதுகிறேன்.

நான் அன்று கத்தியது தப்புதான். சொன்னது தப்பில்லை. கமுதியில் உனக்குத் தெரியாதவர்கள் யார்? நாளைக்கு நான் லீவில் போய் இறங்கினால் பஸ் ஸ்டாண்டிலேயே கேட்பார்கள். சங்கீதா வீட்டில் என்ன சொல்வார்கள்? இதை எல்லாம் நீ யோசித்தாயா?

அப்புறம், அந்த டிரைவரை நான் பார்த்ததுகூட இல்லை. எங்கள் சாரம் கட்டுகிற வேலையில் ஒரு வழக்கம் உண்டு. எத்தனை பெரிய போர்மேன் நின்று கட்டினாலும், ஒவ்வொரு குழாயையும் ஒவ்வொரு கிளாம்பையும் தட்டிப் பார்த்துப் பச்சை டேக் மாட்டினால்தான் ஆள் ஏறலாம். அதுவரை சிவப்பு டேக். டேக் போடுவது இந்தக் கேம்ப்பில் என் வேலை. பார்க்காத சாரத்துக்கு நான் பச்சை மாட்டியதில்லை. மட்டக்களப்பு என்பதாலோ பஸ் ஓட்டுகிறார் என்பதாலோ சொல்லவில்லை.

தாளில் இருக்கிற படத்தைப் பார்த்தேன். சும்மா கண்ணில் பட்டது. அந்தச் சுவர் மலைச் சரிவில் ஏறி இறங்கிப் போகிறது. இருநூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் கட்டியது என்று போட்டிருக்கிறது. அப்போது இரும்புக் குழாய் ஏது? மரத்தில்தான் சாரம் கட்டியிருக்க வேண்டும். அந்தச் சரிவில் கால் ஊன்ற எப்படித் தளம் போட்டான் என்று தெரியவில்லை. இரவு அறையில் நாலு பேர் இதையே பேசிக்கொண்டிருந்தோம். மற்றபடி எனக்கும் அந்த ஊருக்கும் ஒன்றும் இல்லை.

வீரபாண்டி


முவைலா
23.02.2024

தம்பி,

வரவில்லை என்று ஒரு வரியும் சுவரைப் பற்றி எட்டு வரியும் எழுதியிருக்கிறாய். எனக்கு எண்ணத் தெரியும். தினமும் நாற்பத்திரண்டு பிள்ளைகளை எண்ணுகிறவள் நான்.

ஊர் ஊர் என்கிறாய். அந்தக் கோபுரங்களைப் பற்றி ஷ்ருதி டீச்சர் ஒரு விஷயம் சொன்னார். ஒவ்வொரு கோபுரத்துக்கும் சுற்றியிருக்கிற ஒரு கிராமத்தின் பெயராம். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கொள்ளைக்காரர்கள் வந்தால், கிராமத்துக்காரர்கள் ஓடி வந்து அவரவர் கோபுரத்தில் அடைந்துகொள்வார்களாம். எங்கள் கோபுரம், உங்கள் கோபுரம் என்ற சண்டையே கிடையாதாம். எனக்குக் கேட்கும்போதே பொறாமையாக இருந்தது. ஊர்ப் பேச்சுக்குப் பயந்து ஓட நமக்கு ஒரு கோபுரம் இருந்திருந்தால் நான் ஷார்ஜாவுக்கு வந்திருக்கவே மாட்டேன்.

சங்கீதாவைப் பற்றிக் கவலைப்படாதே. உனக்குச் சொல்வதற்கு ஒரு மாதம் முன்பே அவளுக்குச் சொல்லிவிட்டேன். "அவரு முதல்ல குதிப்பாரு மதினி, அப்புறம் அவரே வருவாரு" என்றாள். உன்னைப் பத்து வருடமாகத் தட்டிப் பார்த்தவள், அவள் டேக் சரியாகத்தான் இருக்கும்.

ஆளைப் பார்க்கவில்லை என்றாய். நியாயம். பார்க்கத்தான் கூப்பிடுகிறேன். அவரிடம் உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். உனக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை. அவர் கேட்டுவிட்டு, "ஓம், அவர் சொல்றது சரிதானே. என்னைப் பாக்காம எப்பிடிச் சம்மதிக்கிறது?" என்றார். எனக்கு இரண்டு பேர் மேலும் எரிச்சல் வந்தது.

போத்பே என்று ஒரு மடம், ஊரிலிருந்து நடக்கிற தூரம். நீனோ என்கிற அம்மாவை அங்கேதான் அடக்கம் செய்திருக்கிறார்களாம். அந்த நாட்டுக்கே வேதத்தைக் கொண்டு வந்தவளாம், ஒரு பெண், தனி ஆளாக. திராட்சைக் கொடிக் குச்சிகள் இரண்டை எடுத்துத் தன் தலைமுடியால் கட்டிச் சிலுவை செய்தாள் என்று சொல்கிறார்கள். மடத்துக்குக் கீழே ஒரு ஊற்று. பல நூறு படி இறங்கிப் போய்க் குளித்துவிட்டு வர வேண்டும். எனக்கு முழங்கால் வலி இருப்பது உனக்குத் தெரியும். யாராவது கையைப் பிடித்தால்தான் ஏற முடியும்.

அந்தச் சான்றிதழ் இன்னும் வரவில்லை.

அக்கா


ஜுபைல்
28.02.2024

அக்காவுக்கு,

சான்றிதழை இதோடு அனுப்பிவிட்டேன். பிளாஸ்டிக் உறையில் போட்டிருக்கிறேன், கௌஸ் பாய் மஞ்சள் மூட்டையோடு வைத்துவிடப் போகிறார் என்று. இனி நான் எதற்கு? சாட்சிக்குக் கௌஸ் பாயையே கூட்டிப் போ. ஆசையாகத்தான் இருக்கிறார். அந்தத் தாளை என்னைவிட அதிகம் படித்தது அவர்தான்.

நீ எல்லாவற்றையும் சிரிப்பாக எழுதுகிறாய். நானும் சிரிப்பாக எழுதப் பார்த்தேன், வரவில்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

மாமாவின் கருமாதி அன்று உனக்குப் பிறந்த வீட்டுக் கோடி போட்டது நான். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. அப்பா இல்லை, அம்மா இல்லை, இருப்பது நான் ஒருவன்தான், அதனால் நான்தான் போட வேண்டும் என்றார்கள். கடையில் போய் அந்த வெளுத்த சேலையை எடுத்து வந்ததும் நான்தான். உன் தோளில் போட்டேன். அதன் பிறகு அவர்கள் உன் வளையலை உடைத்தார்கள். பூவை எடுத்தார்கள். நீ என்னைப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "வேணாம், விடுங்க" என்று ஒரு வார்த்தை. அது என் வாயில் வரவில்லை. நீ எனக்குச் சோறு ஊட்டி வளர்த்தவள்.

அந்தக் கையால் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்கிறாய். ஊர், சங்கீதா வீடு என்று நான் சொன்னது எல்லாம் அப்புறம்தான். எந்த முகத்தோடு வந்து உன் பக்கத்தில் நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை, அதுதான் காரணம்.

நீ நன்றாக இரு. நல்லபடியாகக் கல்யாணத்தை முடித்துக்கொள். உனக்கு நான் குறுக்கே இல்லை.

முழங்காலுக்கு நீலகிரித் தைலம் தேய். அந்தப் படிகளுக்குக் கைப்பிடி இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்.

வீரபாண்டி


முவைலா
15.03.2024

அடேய்,

சான்றிதழ் வந்தது. நீ வரவில்லை. ஆகவே சான்றிதழைத் திருப்பி அனுப்புகிறேன். உறையைத் திறந்து பார், அதேதான். பத்திரமாக வைத்திருந்து நீயே கையில் கொண்டு வா. இப்போது உனக்குப் புரிகிறதா? நீ இல்லாமல் அந்த ஊரில் எனக்கு ஒரு காரியமும் நடக்காது.

கௌஸ் பாய்க்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இருபது வருசமா இந்த ரோட்டுல சரக்கு கொண்டு போறேன். போன சரக்கே திரும்பி வந்து, வந்த சரக்கே திரும்பிப் போறது இதான் முதல் தடவ" என்றார். சாட்சியாக வரத் தயார், ஆனால் தம்பி இருக்கும்போது நான் நிற்பது முறையில்லை என்றும் சொல்லிவிட்டார்.

உன் கடிதத்தைத் தவராசாவிடம் வாசித்துக் காட்டவில்லை. அது எனக்கு மட்டும் வந்த கடிதம். அதற்கு நேரில்தான் பதில் சொல்வேன். இப்போது ஒன்று மட்டும். எங்கள் பஸ்ஸில் ஒரு பிள்ளை குறைந்தாலும் வண்டி நகராது. நான் முதலில் எண்ண ஆரம்பித்தது உன்னைத்தான். கோடி போட்ட கைதான் எனக்கு வேண்டும். வேறு கை வேண்டாம்.

நோன்பு தொடங்கிவிட்டது. பெருநாள் லீவில்தான் எல்லோருக்கும் சேர்ந்தாற்போல் நாள் கிடைக்கிறது. பிறையைப் பொறுத்து ஒரு நாள் முன்னே பின்னே ஆகும் என்பதால் தேதி போடவில்லை. நீ பெருநாளிலிருந்து எண்ணிக்கொள். பெருநாள் மூன்றாம் நாள், காலை பதினொரு மணி, சிக்நாகி, கல்யாண வீட்டு வாசல். நாங்கள் அன்று காலையில்தான் தலைநகரிலிருந்து வேனில் வருகிறோம், நானும் அவரும், ஷ்ருதி டீச்சரும் அவர் வீட்டுக்காரரும். பதினொன்றுக்கு நீ இல்லையென்றால் அந்தக் கோபுரங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவோம். அவரும் சரி என்றுவிட்டார்.

வரும்போது ஸ்வெட்டர் கொண்டு வா. அங்கே குளிருமாம்.

அக்கா


சிக்நாகி
11.04.2024, மாலை

அக்கா,

உன் கடைசிக் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. கௌஸ் பாய் இரண்டு தடவை வந்து, நோன்பு திறந்து டீ குடித்துவிட்டு வெறுங்கையோடு போனார். என்ன எழுதுவது என்று தெரியாமல் டிக்கெட் போட்டுவிட்டேன்.

இன்று காலை பத்தரைக்கே கல்யாண வீட்டு வாசலில் வந்து நின்றேன். பதினொன்று ஆனது. பன்னிரண்டு ஆனது. ஒரு மாப்பிள்ளையும் பெண்ணும் சிரித்துக்கொண்டே உள்ளே போய் அரை மணி நேரத்தில் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். நீ இல்லை. என் சவூதி சிம் இங்கே வேலை செய்யவில்லை. உள்ளே போய் அங்கிருந்த அம்மாவிடம் உங்கள் இரண்டு பேர் பெயரையும் எழுதிக் காட்டினேன். இன்றைய பட்டியலை விரலால் தேடிப் பார்த்துவிட்டு இல்லை என்று தலையாட்டினாள்.

எனக்குக் கோபம் வரும் என்றுதானே நினைப்பாய்? வரவில்லை. பயம் வந்தது. நான் பதில் போடாததால் நீ வேண்டாமென்று விட்டுவிட்டாயோ, என்னால்தான் இது நின்றுபோனதோ என்று. அந்தப் படியில் உட்கார்ந்தபோதுதான், இந்தக் கல்யாணம் நடக்க வேண்டும் என்று நான் எவ்வளவு ஆசைப்படுகிறேன் என்பது எனக்கே தெரிந்தது.

சும்மா உட்கார முடியவில்லை. நீ எழுதியதை எல்லாம் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தேன். ஊர் முழுக்க உருண்டைக் கல் பாவிய தெரு. வீட்டுக்கு வீடு மர பால்கனி, தச்சன் பொறுமையாகச் செதுக்கியிருக்கிறான். மெழுகுவர்த்தி தொங்குவது போலத் தெருவில் கயிறு கயிறாக ஏதோ தொங்குகிறது. வாதுமைக் கொட்டையை நூலில் கோத்துத் திராட்சைச் சாற்றுக் கூழில் முக்கிக் காயவைத்ததாம். இரண்டு வாங்கினேன். ஒன்று உனக்கு. ஒரு அருங்காட்சியகமும் இருக்கிறது. யாரோ ஒரு ஏழை ஓவியர் வரைந்த மானும் ஒட்டகச்சிவிங்கியும் விருந்துகளும். அந்த விருந்துப் படங்களில் எல்லோரும் நம்மைப் பார்த்தே உட்கார்ந்திருக்கிறார்கள், கல்யாண வீட்டு போட்டோவில் இருப்பது போல.

போத்பேக்கும் நடந்தேன். வழியெல்லாம் மரம் பூத்திருக்கிறது. ஊற்றுக்குப் போகிற படிகளை உனக்காக இறங்கி ஏறிப் பார்த்தேன். செங்குத்துதான். ஆனால் நின்று நின்று போனால் உன்னால் முடியும், நான் பிடித்துக்கொள்கிறேன். அந்த அம்மாவின் சிலுவைப் படத்தைப் பார்த்தேன். குச்சியை முடியால் கட்டியிருக்கிற முடிச்சு நம் ஆள் கட்டியது போலவே இருக்கிறது. இரும்புக் கிளாம்பைப் பார்ப்பதற்கு முன்னால், ஊரில் சவுக்குக் கம்பில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கயிறு கட்டினோம்.

கடைசியாகச் சுவர் மேல் ஏறினேன். கீழே ஒரே பச்சைச் சமவெளி, அதற்கு அப்பால் முழுக்கப் பனி மூடிய மலை. ஜுபைலில் புகைபோக்கியைப் பார்த்துப் பார்த்துக் கண் மரத்துப் போனவன் நான். கொஞ்ச நேரம் வாயைத் திறந்துகொண்டு நின்றேன். சுவரில் அங்கங்கே சதுரச் சதுரமாக ஓட்டை இருக்கிறது. அதில்தான் மரத்தைச் செருகிச் சாரம் கட்டியிருக்க வேண்டும் என்று தோன்றியது. சரியோ தப்போ, அறையில் போய் அப்படித்தான் சொல்லப் போகிறேன். ஒரு கோபுரத்தையே கோயிலாக்கி வைத்திருக்கிறார்கள்.

அங்கே அஜ்மானிலிருந்து வந்த மலையாளிகள் ஐந்தாறு பேர் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னிடம் போனைக் கொடுத்து எடுக்கச் சொன்னார்கள். எடுத்துக் கொடுத்தேன். "நாளெ மூணாம் பெருந்நாள் அல்லே, ராவிலே திரிச்சு போகும்" என்றான் ஒருவன். காலையில் ஊர் திரும்புகிறார்களாம். "நாளைக்கா மூன்றாம் நாள்?" என்றேன். "பின்னே? இன்னு ரண்டு" என்று விரலைக் காட்டினான்.

அப்போதுதான் உறைத்தது. கேம்ப் நோட்டீஸ் போர்டில் ஈத் லீவு ஒன்பதாம் தேதி முதல் என்று ஒட்டியிருந்தார்கள். எங்களுக்குப் பெருநாள் என்றால் அந்த போர்டுதான். ஒன்பது, பத்து, பதினொன்று என்று விரலை மடக்கிவிட்டேன். பிறை தெரியாமல் பெருநாள் பத்தாம் தேதிக்குத் தள்ளிப் போனது எனக்குத் தெரியும் அக்கா, விரல் கணக்கை மட்டும் மாற்றவில்லை. ஒன்பதாம் தேதி கேம்ப்பில் ஒருவனும் பிரியாணி போடவில்லை. அப்போதாவது யோசித்திருக்க வேண்டாமா? கோபுரத்தில் தனியாக நின்று சிரித்தேன். அந்தப் பையன்கள் பயந்துவிட்டார்கள். பிறகு விஷயத்தைச் சொன்னதும் அவர்களும் சிரித்து, ஆளுக்கு ஒரு தடவை கட்டிப்பிடித்து ஈத் முபாரக் சொன்னார்கள்.

தங்கியிருக்கிற வீட்டு அம்மா ஒரு குவளை ஒயின் கொடுத்தாள். சவூதியிலிருந்து வந்தவனிடம் அதை நீட்டினால் என்ன செய்வான்? இந்த வரியைச் சங்கீதாவிடம் சொல்லாதே.

நாளைக்கு உன்னை நேரில் பார்ப்பேன். ஆனால் முகத்துக்கு நேரே எனக்குச் சொல்ல வராது. அதனால் எழுதிச் சேலை மடிப்பில் வைக்கிறேன். ஆமாம், சேலை. அரக்குப் பட்டு. பரமக்குடியில் சங்கீதா எடுத்து, லீவு முடிந்து வந்தவனிடம் கொடுத்தனுப்பினாள். நான்தான் எடுக்கச் சொன்னேன், மார்ச் மாதமே. ஜுபைலில் வங்காளிக் கடையில் பொரியும் வாங்கி வந்திருக்கிறேன். உன் முதல் கல்யாணத்தில் உன் கையில் பொரி போடும்போது எனக்குப் பத்து வயது. பாதியை நானே தின்றுவிட்டேன் என்று அம்மா அடித்தாள்.

அன்றைக்கு வாய் திறக்காததற்கு என்னை மன்னித்துவிடு. அந்தச் சேலைக்குப் பதிலாக இது. கட்டிக்கொள்.

வீரபாண்டி


முவைலா
26.04.2024

என் தம்பிக்கு,

நாங்கள் வந்து இறங்கிய நாலாம் நாள் இங்கே பேய் மழை. நீயும் செய்தியில் பார்த்திருப்பாய். முவைலா முழுக்கத் தண்ணீர். பஸ் டயர் மறைய நின்றுவிட்டது, பள்ளிக்கூடமும் இல்லை. புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரு வாரம் மாடியில் அடைந்து கிடந்து பருப்பும் சோறும் சாப்பிட்டோம். இந்த வயதில் எங்களுக்கு எதற்குத் தேனிலவு என்று வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். வானமே பார்த்து நடத்தி வைத்துவிட்டது. கௌஸ் பாய் வண்டி இன்றுதான் கிளம்புகிறது.

பத்தேமுக்காலுக்கு வேன் அந்தத் தெருவில் திரும்பியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். "கண்ணைத் துறங்க சரோஜா. படியில ஒராள் பொரிப் பையோட இருக்கிறார்" என்று அவர்தான் சொன்னார். இறங்கும்போது பழக்க தோஷத்தில் கடைசி சீட் வரை நடந்து பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன். யாரும் மிச்சமில்லை. எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று மனசு நிறைந்தது.

உன் கடிதம் சேலையை உதறியபோது காலடியில் விழுந்தது. அரை மணி நேரம் நான் அறையிலிருந்து வெளியே வரவில்லை. கொசுவம் வைக்க முடியாமல் தடுமாறுகிறேன் என்று நீங்கள் எல்லோரும் நினைத்தீர்கள்.

நேரில் பதில் சொல்வேன் என்று எழுதியிருந்தேன். அந்தப் படிகளில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறும்போது சொல்ல வாயெடுத்தேன், மூச்சு வாங்கியது. இப்போது சொல்கிறேன். நீ அன்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய் என்கிறாய். நான் உன் முகத்தைப் பார்க்கவில்லையடா, உன் கையைப் பார்த்தேன். கோடியை என் தோளில் போடும்போது உன் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அந்தக் கூட்டத்தில் எனக்காக நடுங்கிய கை அது ஒன்றுதான். அதைப் பார்த்துத்தான் நான் அன்று எழுந்து நின்றேன். பதினோரு வருடமாக நீ இதைச் சுமந்துகொண்டிருக்கிறாய் என்று தெரிந்திருந்தால் முதல் வருடமே சொல்லியிருப்பேன்.

கல்யாண வீட்டு அம்மாவை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. நீ தமிழில் கையெழுத்துப் போட்டதும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பொரியை என்னவென்று கேட்டு ஒரு பிடி தின்றாள். மிச்சத்தைக் கோபுரத்துக்கு மேலே போய்ப் புறாவுக்குப் போட்டோம். அக்கினிக்குப் போகிற பொரி ஆகாயத்துக்குப் போனது. ஒன்றும் குறைந்துவிடவில்லை.

ஆனால் ஒரு குறை எனக்கு இருக்கிறது. அந்த மனிதரைக் கோபுரம் கோபுரமாக ஏற்றி இறக்கினாய். மூச்சு வாங்குகிறாரா, கோபம் வருகிறதா என்று பார்த்தாய் என்பது எனக்குத் தெரியாதா? அவருக்கும் தெரியும். "தம்பி கிளாம்பு தட்டிப் பாக்கிறார்" என்று என் காதில் சொல்லிவிட்டு உன் பின்னாலேயே வந்தார். அப்படியும் நாள் முழுக்க அவரை "டிரைவர் சார், டிரைவர் சார்" என்றே கூப்பிட்டாய். அவரும் ஒவ்வொரு தடவையும் "ஓம் தம்பி" என்றார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

இன்னொன்று. நேற்றும் போன் செய்து பார்த்தேன். நீ என்னை இன்னும் பிளாக்கிலிருந்து எடுக்கவில்லை, முட்டாளே!

அக்கா


ஜுபைல்
30.04.2024

அக்காவுக்கும் மச்சானுக்கும்,

மறந்தே போய்விட்டேன். கௌஸ் பாய் தலையில் அடித்துக்கொண்டு என் போனைப் பிடுங்கி அவரே பிளாக்கை எடுத்துவிட்டார். இனி தனக்கு டீ கிடைக்காது என்று ஒரே வருத்தம்.

உறைக்குள் ஒரு பச்சை டேக் இருக்கும். உண்மையான டேக்தான், ஸ்டோரில் கேட்டு வாங்கினேன். சாரத்தின் பெயர் என்ற இடத்தில் உங்கள் இரண்டு பேர் பெயரையும் எழுதியிருக்கிறேன். பார்த்த தேதி, ஏப்ரல் பன்னிரண்டு. பார்த்தவர் கையெழுத்து, என்னுடையது. மச்சானிடம் கொடு, பஸ்ஸில் மாட்டிக்கொள்ளட்டும். எல்லாக் கிளாம்பும் இறுக்கமாக இருக்கிறது, தைரியமாக ஏறலாம்.

ஆனால் டேக் ஏழு நாளைக்குத்தான் செல்லும். ஒவ்வொரு வாரமும் திரும்பப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது எங்கள் வேலையில் சட்டம். ஆகவே வெள்ளிக்கிழமைதோறும் மாலை ஐந்து மணிக்குப் போன் செய்வேன். முதலில் மச்சானிடம் கொடு.

வீரபாண்டி